ஏழு மணிப் பை

முழங்கால் வரை சுருட்டிவிட்ட இந்தக் கால்கள்
மாலை ஆறிலிருந்து நள்ளிரவு வரை என்னுடையவை அல்ல.
போபோ நகரத்து ஆய்வுக்கூடத்துக்கு
வாடகைக்கு விட்டிருக்கிறேன்.
சோப்பு போடக் கூடாது, எண்ணெய் கூடாது,
கொசு தேடி வரும் வாசம் மாறிவிடுமாம்.

வெளியே நாற்காலியில் நான்.
உள்ளே, சுவருக்கு அந்தப்பக்கம் ராவ்கோ.
மணிக்கு ஒரு பை.

அவள் வந்து இறங்குவது தெரியும்.
மயிர்க்கால் ஒன்று சிலிர்க்கும். பிறகு
தலை தாழ்த்தி, பின்புறம் உயர்த்தி,
நாற்று நடுகிறவளைப் போலக் குனிந்து நிற்பாள்.
டார்ச்சை அடித்துக் குழாயைக் கவிழ்த்து,
கட்டைவிரலால் மூடி, பஞ்சை அடைக்க வேண்டும்.
முதல் மாதம் மூன்றில் இரண்டு தப்பின.
இப்போது பத்தில் ஒன்று.

வீட்டில் நீல வலை இருக்கிறது, மருந்தில் தோய்த்தது.
அதன் மேலேயே உட்கார்ந்து இளைப்பாறுகின்றன.
பருத்திக்கு அடித்த மருந்தை
தாய்ப்பால் மாதிரிக் குடித்து வளர்ந்தவை என்பான் ராவ்கோ.

ஜூலையிலிருந்து மாதம் ஒருமுறை அசேத்தா வருவாள்.
வெள்ளை மாத்திரை ஒன்று, மஞ்சள் ஒன்று.
கிண்ணத்தில் கரைத்து, தன் கண்ணெதிரே குடிக்க வைப்பாள்.
மீதி இரண்டு நாள் மஞ்சளை எங்களை நம்பி விட்டுப்போவாள்.
போகும்போது கதவில் சுண்ணாம்புக் கோடு.

ஆகஸ்டில் அட்டையைப் பார்த்தாள்.
திருப்பியும் பார்த்தாள்.
லாமூஸாவுக்கு ஐந்து முடிந்து ஒன்பது நாள்.
"அடுத்த வீட்டுக்குப் போகிறேன்" என்றாள்
என் முகத்தைப் பார்க்காமல்.
ஒன்பது நாள் கணக்கு கொசுவுக்குத் தெரியுமா என்று
கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.
அவள் கூலி என் கூலியை விடக் குறைவு.
கதவில் பழைய கோடு மட்டும், மழையில் பாதி.

போன வருஷம் நள்ளிரவுப் பைதான் கனக்கும்.
இந்த வருஷம்
ஏழிலிருந்து எட்டு: பதினேழு.
ஏழிலிருந்து எட்டு: இருபத்திரண்டு.
ஏழுக்கு யாரும் வலைக்குள் இல்லை.
ஏழுக்கு போக்கோ முற்றத்தில் டோ கிண்டுகிறாள்,
அடுப்பருகே காலை நீட்டிக்கொண்டு பிள்ளை.

இதையெல்லாம் போபோவில் படமாக வரைவார்கள்.
வரைந்து முடிப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிடும்.
நான் மறுநாளே சொன்னேன்:
வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிடுவோம்.
போக்கோ கையிலிருந்த களைக்கொத்தைக் கீழே வைத்தாள்.
"வயலிலிருந்து நான் எத்தனை மணிக்கு வருகிறேன் என்று
உன் பையில் எழுதியிருக்கிறதா?"

ஆகவே இப்போது நான்கு மணிக்கு
டோ கிண்டுவது நான்.
கட்டி கட்டியாக வருகிறது.
பக்கத்து வீட்டு ஆண்கள் வேலியோரம் நின்று
பார்த்துவிட்டுப் போகிறார்கள்.
லாமூஸா கட்டிகளை எண்ணி எண்ணித் தின்கிறாள்,
ஆறரைக்கு வலைக்குள் போய்விடுகிறாள்
தூக்கம் வராமல், கூரையோடு பேசிக்கொண்டு.

இன்று நாலரைக்கு நெற்றியைத் தொட்டேன்.
உலைமூடிச் சூடு.
போக்கோ வயலிலிருந்து வந்தவள் கையைக்கூடக் கழுவாமல்
முதுகில் கட்டிக்கொண்டு மருந்தகத்துக்கு நடந்தாள்.
ஒரு சொட்டு ரத்தம், கால்மணி நேரம்,
ஒரு கோடா, இரண்டா?

நான் வரப்பு வழியாக இங்கே வந்தேன்.
நடவின்போது என் குதிகால் பதிந்த பள்ளங்களில்
மழைநீர். அதில்
நெல்முனை நீளப் புழுக்கள்
மட்டமாகப் படுத்து மூச்சு விடுகின்றன.
காலால் கலக்கினேன்.
எத்தனை பள்ளத்தைக் கலக்குவது?

மணி ஏழு இருபது. பையில் பதினான்கு.
பதினைந்தாவது குழாய்க்குள் இருக்கிறாள்,
வயிறு இன்னும் வெறுமை.
வாயில் என் கட்டைவிரல்.
சட்டைப்பையில் போன் அதிர்கிறது.
டார்ச் ஒரு கையில், குழாய் ஒரு கையில்,
பஞ்சு தொடைமேல் எங்கோ.

விரலை எடுத்தேன்.

ஏழு மணிப் பையில் இன்று ஒன்று குறைகிறது.
எழுதிக்கொள்ளுங்கள்.