வாடகைக் கோட்டு

ஆறு நாள். பதினேழாயிரம் டாலர்.
இரண்டையும் நான்தான் எழுதிவைத்தேன்,
பென்சிலில். அழிக்க வசதி.

போலீஸ் கார் கட்டுப்படியாகவில்லை.
சைரனை மட்டும் வாங்கினோம்;
சுவரில் சுழலும் வெளிச்சத்துக்கு
ஒரு விளக்கு, பிஸ்கட் டப்பா மூடி.
துரத்துகிறவர்கள் படத்தில் வரவே மாட்டார்களா என்றேன்.
"அவன் மட்டும் பார்த்தானா என்ன" என்றார் க்ராய்சிக்,
சிகரெட்டை அணைத்து மிச்சத்தைக் காதில் செருகியபடி.

ஊர் கட்டப் பணமில்லாததால் பனி மூட்டினோம்.
ஒரே சந்து:
ஃப்ரெஸ்னோ, பிறகு பேக்கர்ஸ்ஃபீல்ட்,
கடைசியில் சான் பெட்ரோ துறைமுகம்.
தச்சன் ஓரின் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டே இருந்தான்.
வங்கிக் காவலாளியைச் சுட்டுவிட்டு
முந்நூறு மைல் ஓடுகிறவன்
அதே நசுங்கிய குப்பைத்தொட்டியை
மூன்று ஊரிலும் தாண்டுகிறான்.
தப்பி ஓடிய யாரையாவது கேட்டுப்பாருங்கள்,
அது பிழையில்லை என்பார்கள்.

டெல்மர் ஹாஸ்கினுக்கு ஓட வராது.
முழங்கால் இத்தாலியில் போயிற்று.
இடுப்புக்கு மேலேதான் காமிரா.
மூச்சு மட்டும் அசல்.

கோட்டு: நாளுக்கு நாலு டாலர்.
கிழிந்தால் அறுபது.
ஐந்தாம் நாள் இரவு, அவன் சாகவேண்டிய இரவு,
கையில் நாற்பத்தொன்று இருந்தது.
சொன்னேன்.
க்ராய்சிக் என்னைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார்.
யாரும் எதுவும் சொல்வதற்குள்
டெல்மர் அதைக் கழற்றினான்.
காலரைத் தட்டி, கம்பி வேலியில் மாட்டி,
ஈரம் படுமோ என்று ஒரு பக்கம் தூக்கிவிட்டு,
பையிலிருந்த கப்பல் சீட்டை
வெளியிலிருந்தே ஒருமுறை தடவி,
வெறும் சட்டையோடு
வெளிச்சத்துக்குள் நொண்டி நடந்தான்.
அன்றைக்குத்தான் முதன்முறையாக
அவன் காலையும் சேர்த்து எடுத்தோம்.

சட்டை அவனுடையது.
துளைக்கு நான் கணக்கு எழுதவில்லை.

மறுநாள் கோட்டைத் திருப்பக் கொண்டுபோனேன்.
மிசஸ் டூலி தையல் தையலாக விரலோட்டி,
பைக்குள் கைவிட்டு, சீட்டை எடுத்தாள்.
மசட்லான். ஒரு நபர். போக மட்டும்.
நாங்கள் அச்சடித்ததுதான், இருபது சென்ட்.
"யார் போகிறது?" என்றாள்.

யாருமில்லை என்று சொல்லிவிட்டு
கைப்பையில் போட்டுக்கொண்டேன்.
அந்த வாரக் கணக்கு
இன்னும் இருபது சென்ட் உதைக்கிறது.