மூன்று வரிகளுக்கு மிகாமல்

பள்ளிகொண்டாவில் பஸ் ஏறும்போது
சரயேவோவில் இளவரசர் சுடப்படுகிறார்.
அகரம்சேரி வருவதற்குள்
ஐந்து நாடுகள் சண்டையில்.
மாதனூரில் பதுங்குகுழி, சேறு, நச்சுப்புகை
(நச்சுப்புகைக்கு ஜன்னலைத் திறந்தால் போதும்,
தோல் ஷாப்புகள் தொடங்கிவிடும்).
ஆம்பூர் பாலத்தடியில் பஸ் நிற்க
வெர்சேல்ஸில் கையெழுத்து.
இறங்கு, இறங்கு என்கிறார் கிளீனர்.
முதல் உலகப்போர் எனக்கு
நாற்பது நிமிடம்,
ஜன்னலோரம் கிடைத்தால்.

பிளஸ் டூ, தனித்தேர்வர்.
வரலாறு மட்டும் பாக்கி.

இரண்டு மதிப்பெண் வினா
மூன்று வரிக்கு மேல் போகக்கூடாது.
நான்காவது வரி எழுதினால்
திருத்துபவர் படிக்கமாட்டார் என்கிறாள் குல்நாஸ்.
அவள் மூன்று முறை எழுதியவள்,
தெரியும்.

மதியச் சோற்றுக்கு முன்
அப்பர் தையல் லைனில் நூற்றுப்பத்து ஜோடி.
ஷூவில் கட்டும் அட்டையின் முதுகில்
கேள்வி எழுதி மெஷினில் செருகிவைப்பேன்.
ஒரு நாள் ஞானசிகாமணி சார் உருவிப் பார்த்தார்:
‘பாஸ்டன் தேநீர் விருந்து.’
எந்த லைன்ல பார்ட்டி, எங்கிட்ட சொல்லவேயில்ல?
பெட்டி பெட்டியாகக் கடலில் கொட்டிவிட்டார்கள் சார் என்றேன்.
கன்டெய்னரையா என்று அதிர்ந்துபோனார்.

ஆண்டுகள் நிற்காது என் மண்டையில்.
அளவுகள் நிற்கும்.
முப்பத்தொன்பது வந்தால் போர் தொடங்குகிறது,
நாற்பத்தைந்தில் முடிகிறது.
ஜெர்மனிக்குப் போகும் அட்டைப்பெட்டிகளில்
இரண்டுக்கும் நடுவே எத்தனை ஜோடி கால்கள் என்று
கைடில் இருக்கிறது, கோடிக்கணக்கில்.
அதை நான் எண்ணிக்கொண்டு தைப்பதில்லை.

இயந்திரங்களை உடைத்தவர்கள் யாவர்?
லுட்டைட்டுகள்.
சரி.
இங்கே ஓர் ஊசி முறிந்தால்
முனை, உடல், துணுக்கு எல்லாம் பொறுக்கி
பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி
கையெழுத்து வைத்தால்தான் புது ஊசி.
ஒரு துணுக்கு காணாமல் போய்
முழு லைனும் முட்டிபோட்டுத் தேடியிருக்கிறோம்.
முழு மெஷினை உடைத்தவர்கள்
எத்தனை பதிவேடு நிரப்பினார்களோ.

கைடு பழையது. குடியாத்தத்தில் நாற்பது ரூபாய்.
உள்ளட்டையில், தி. கோமளவல்லி, பேர்ணாம்பட்டு.
சிவப்பு மையில் அடிக்கோடு,
ஓரத்தில் ‘வரும்’, ‘வரவே வராது’, ‘கேவலமான கேள்வி’.
அவள் சொன்னதை நம்பித்தான்
நெப்போலியனில் பாதியை விட்டுவிட்டேன்.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு சிவப்பு நின்றுவிடுகிறது.
ஏன்?
மூன்று வரிகளுக்கு மிகாமல்
நானே எழுதிப் பார்த்தேன்:
கல்யாணம். அல்லது பேனா தீர்ந்தது.
அல்லது பாஸாகிவிட்டாள்.

லீவு கேட்டதற்கு அரை நாள் தருவாராம் சார்.
ஷிப்மென்ட் இருக்கிறது.
அரை நாளில் பிரெஞ்சுப் புரட்சி முடியாது சார்.
மூணு மணி நேரம்தானே பரீட்சை, என்கிறார்.
அதுவும் உண்மைதான்.

நேற்று கரண்ட் போன லஞ்ச் நேரத்தில்
குல்நாஸ் கேட்க நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.
நூற்றுப் பதின்மூன்று, சிவப்பில்லாத பக்கம்.
1789 அக்டோபரில் பாரிஸ் பெண்கள்
வெர்சேல்ஸுக்கு நடந்தது ஏன்?
ரொட்டி கிடைக்காததால்.
ஒரே வரி. ரெண்டு மார்க். அடுத்தது, என்றாள்.

இரு.
எவ்வளவு தூரம்?
கைடில் இல்லை. போனில் தேடினாள்.
பள்ளிகொண்டாவிலிருந்து வேலூர் கோட்டைக்கு
நடக்கிற தூரம், கிட்டத்தட்ட.
மழை வேறு பெய்ததாம்.
பக்கத்து மெஷின் தெரசா டப்பாவை மூடாமல் கேட்டாள்:
கைக்குழந்தைக்காரிகளும் போனாங்களா?
அன்னிக்கி சம்பளத்தை யார் பிடிச்சது?

நான் கேட்க நினைத்தது வேறு.
காலில் என்ன போட்டிருந்தார்கள்?
மரக்கட்டையா, தோலா,
தையல் ஒற்றையா இரட்டையா,
சேற்றில் எத்தனையாவது மைலில் பிரிந்தது?

கரண்ட் வந்துவிட்டது.
தோலில் குறிபோடும் வெள்ளிப் பேனாதான் கையில் இருந்தது.
அந்த ஒரு வரியின் அடியில் இழுத்தேன்,
ஓரத்தில் ‘வரும்’ என்று எழுதினேன்.
துணியால் துடைத்தால் போய்விடுகிற மை அது.