436.4

மூன்று மாதமாக அல்தாஃபைத்தான் சந்தேகப்பட்டேன்.
பேரணாம்பட்டு ஆள், பேஸ் கிதார்.
ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் டியூனரைக் கவ்வவிட்டு
பச்சை எரிந்த பிறகே தலையாட்டுவான்.
அவனோ என்னைப் பார்த்து,
"இன்னாக்கா, ஒரு மாதிரி புளிக்குதே" என்பான்.
மோர் புளித்தால் கீழே கொட்டலாம்.

நான் திருகாத குமிழ் இல்லை.
பியானோவின் பளபளப்பைக் குறைத்தேன்.
கோரஸைக் கழற்றினேன்.
ரிவர்பை நாற்பதிலிருந்து இருபத்திரண்டுக்கு இறக்கினேன்,
தகரக் கூரை மண்டபத்துக்கு அதுவே அதிகம்.
வயலின் கூட்டத்தின் அட்டாக்கை நீட்டினேன்,
தொட்டதும் அலறாமல்
ஒருக்களித்த கதவைத் தள்ளிக்கொண்டு
ஒவ்வொருவராக உள்ளே வருகிற மாதிரி.
கட்-ஆஃப், ரெசனன்ஸ், இடக்கைக்கு ஒரு ஸ்ப்ளிட்.
புளிப்பு அப்படியே இருந்தது.

பகலில் ஆம்பூரில் ஷூவுக்கு அடி ஒட்டுகிறேன்.
பசை காய்ந்த விரல் நுனிக்கு மென்மை எட்டாது.
அதனால் டச் எப்போதும் ஹெவியில்:
நான் ஓங்கி அடித்தாலும்
அடக்கித்தான் கேட்கும்.
வீட்டில் அப்படி ஒரு பொத்தான் கிடையாது.

கீபோர்டு இரண்டாம் கை.
ராணிப்பேட்டை, காரையில் எபிநேசர் என்பவரிடம்
ஸ்டாண்டு சேர்த்து முப்பத்தெட்டாயிரம்.
ஷார்ஜா போகிற அவசரத்தில் அடாப்டரை மறந்துவிட்டு
மறுநாள் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்.

அன்றைக்குக் குடியாத்தத்தில் ரிசப்ஷன்.
மாப்பிள்ளை வீட்டார் பள்ளிகொண்டா டோல்கேட்டில்
மாட்டிக்கொண்டார்கள்.
நாற்காலிகளுக்கு உறை போட்டு முடித்து
உறைக்கு ரிப்பனும் கட்டி முடித்து
சும்மா கிடந்தது மண்டபம்.
யாரும் போகாத மெனுப் பக்கங்களுக்குப் போனேன்.
மிடி. பெடல். திரையின் வெளிச்சம்.
பதினான்காம் பக்கத்தில் மாஸ்டர் டியூன்:
436.4

நானூற்று நாற்பது உட்காரவேண்டிய இடம்.

அல்தாஃப் கைபேசியில் நாற்பதை ஒலிக்கவிட்டான்.
நான் அதே ஏ-யைப் பிடித்தேன்.
இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாவது எழுந்து
நொடிக்கு மூன்றரைத் தடவை துடித்தது,
பாலாற்றோரம் மணல் லாரி
ஓடாமல் நின்று உறுமுகிற மாதிரி.
"பார்த்தியா" என்றான்.
அவன் முகத்தில் மூன்று மாத வட்டி.

ஷார்ஜாவுக்கு போன் போட்டேன். அங்கே இன்னும் வெயில்.
எபிநேசர் சிரித்தார்.
"எங்க சர்ச்ல ஒரு கால் ஆர்மோனியம் கீதுக்கா,
மிதிச்சு வாசிக்கிறது.
தூசு ஏறி ஏறி சுருதி எறங்கிப் போச்சு.
அது ஏறாது. இதுதான் எறங்கும்.
எறக்கினேன்."
அதை யார் வாசித்தார்கள் என்று கேட்டேன்.
லிஃப்ட் கதவு ஒன்று மூடுகிற சத்தம் வந்தது.
பிறகு, அடாப்டர் சூடாகிறதா, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

அழுத்திப் பிடித்தால் எண் தானாக ஓடும்.
ஓடவிடவில்லை.
புள்ளி ஐந்து, புள்ளி ஆறு,
முப்பத்தாறு தடவை அழுத்தி ஏறினேன்.
மருந்துக்கடை பிளாஸ்திரி கொஞ்சம் கிழித்து
436.4 என்று பேனாவால் எழுதி
அடிப்பக்கத்தில் ஒட்டினேன்.
ஒட்டுகிற வேலை எனக்குப் பழக்கம், விழாது.

வேன் வந்தது. பட்டாசு. பன்னீர்.
முதல் பாட்டு முடிந்தும் அல்தாஃப் வாயே திறக்கவில்லை.
எனக்கு அது சர்டிபிகேட்.

வசந்தமாலா மட்டும்
மைக்கைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினாள்.
"இன்னாடி பண்ணி வச்சிருக்கே?
இத்தனை நாள் சரியாத்தானே இருந்துச்சு,
இன்னிக்கு மேல எட்டி எட்டிப்
பிடிக்க வேண்டியிருக்கு."