தெற்கு ஜன்னல்

இஸ்மேனியா கேட்டது ஒரே ஒரு ஜன்னல்.
தெற்கில்.

வால்பரைசோவில் இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.
மலை முழுக்க வீடுகள்
ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி
எட்டிப் பார்ப்பதெல்லாம் வடக்கே, கடலை.
தெற்கில் எங்களுக்கு இருப்பது
ஒத்தீலியா வீட்டுத் தகரச் சுவர்,
அதில் மூன்று இடத்தில் துரு,
அவள் காயப்போடும் உள்பாவாடைகள்.

"வடக்கு வெயில் ஏமாற்றுக்காரன்" என்றாள்.
"காலையில் ஒரு கறுப்பைக் காட்டுவான்,
மதியம் வேறு கறுப்பு.
தெற்கு வெளிச்சம் சொன்ன சொல்லில் நிற்கும்."

முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன்.
கண்ணாடிக் கூண்டு, காலுக்குக் கீழே கடல்.
அந்தக் கூலியில் மிச்சம் பிடித்த பணத்தை
கடலுக்கு முதுகு காட்டும் அறையில் போடு என்கிறாள்.
இரண்டு வாரம் நாங்கள் பேசிக்கொண்டது
உப்பு, ரொட்டி, எரிவாயு சிலிண்டர்.

ஆனால் நியாயம் என்று ஒன்று உண்டு.
இத்தனை காலம் சாப்பாட்டு மேசையில்தான் செம்புத் தகட்டைக் கீறினாள்.
அமிலத் தட்டு குளிர்சாதனப் பெட்டிமேல்.
மகன் எப்ராயினின் வீட்டுப்பாடம் முழுக்கக் கறுப்பு ரேகை;
ஆசிரியை மூன்று முறை ஆள் அனுப்பினாள்.

சமையலறையின் கிழக்குச் சுவரை நானே இடித்தேன்.
மரச்சட்டத்துக்கு நடுவே அடுக்கிய மண்கல்
கடப்பாரை பட்டதும் மாவாய் உதிர்ந்தது.
உள்ளே புதையலும் கிடைக்கவில்லை, கடிதமும் கிடைக்கவில்லை.
யாரோ ஒரு கொத்தன் தின்று துப்பிய
ஆலிவ் கொட்டைகள், பதினொன்று.

எங்கள் கொத்தனார் ரோசாமெல் திங்களன்று வரமாட்டார்.
செவ்வாயன்று வந்து திங்களைப் பற்றிப் பேசுவார்.
பைன் பலகை, தகரம், உப்புக்காற்று தின்னாத ஆணி.
கணக்கு நோட்டில் மூன்றாம் பக்கத்தோடு
கூட்டுவதை நிறுத்திவிட்டேன்.
கட்டிப் பார்த்தவனுக்குத் தெரியும்.

அச்சு எந்திரம் முந்நூற்று எண்பது கிலோ.
தெருவிலிருந்து நூற்று அறுபத்திரண்டு படி.
ஆறு பேர், இரண்டு பலகை, கப்பல் கயிறு.
நான் நடுப்படியில் நின்று கை காட்டினேன்.
கட்டைவிரல் மேலே: தூக்கு.
விரித்த கை: நிறுத்து.
பிறர் கையைப் பார்த்தே எடை தூக்கியவன் நான்.
அன்றைக்குத்தான்
என் கையைப் பார்த்து ஓர் எடை மலை ஏறியது.

கடைசி நாள் அவள் மீன் வாங்கப் போயிருந்தாள்.
வடக்குச் சுவரில்,
முக்காலியில் உட்கார்ந்தால் கண் வரும் உயரத்தில்,
தீப்பெட்டி அளவில் ஒரு துளை போட்டேன்.
கண்ணாடி பதித்தேன். தூளைப் பெருக்கினேன்.

மறுநாள் காலை அதன்மேல் ஓர் அட்டை ஒட்டியிருந்தது.
அவள் கேட்கவில்லை. நானும்.

ஜூன் மழையில் முதல் படம் எந்திரத்திலிருந்து வந்தது.
ஈரக் காகிதத்தை இரண்டு கையால் உரித்து எடுத்தாள்.
ஒத்தீலியாவின் தகரச் சுவர்.
மடிப்பு மடிப்பாக, ஒவ்வொரு மடிப்புக்கும் ஒரு சாம்பல்.
மூன்றாவது துருவுக்குக் கீழே ஒரு கொக்கி.
ஓடிப்போய் ஜன்னலில் பார்த்தேன்.
இருக்கிறது.
இருபது வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது.

ஒத்தீலியாவும் வந்து பார்த்தாள்.
"என் சுவர் இவ்வளவு கறுப்பா?" என்று மட்டும் கேட்டாள்.
அதற்குப் பிறகு
நல்ல துணிகளை மட்டுமே இந்தப் பக்கம் காயப்போடுகிறாள்.
இஸ்மேனியாவுக்கு அதில் பெரிய வருத்தம்.

மாலை ஐந்து மணிக்கு
கை கழுவிவிட்டுத் தேநீர்க் கெண்டியை வைக்கப் போகிறாள்.
போகிற போக்கில் அட்டையின் ஒரு பக்க நாடாவைப் பிரித்துவிடுகிறாள்.
அட்டை தொங்குகிறது.

நான் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.
ஒரு சரக்குக் கப்பல் தீப்பெட்டிக்குள் நுழைகிறது.
கெண்டி கூவும்வரை
வெளியே போகவில்லை.