மூச்சுத்துளை

முதலில் நின்றது சத்தம் இல்லை.
இருக்கைக்கு அடியில், தொடை எலும்பில்
ஓடிக்கொண்டிருந்த அதிர்வு,
அதுதான் முதலில் போனது.
பிறகு விசிறி
ஒரு சுற்று, இன்னொரு அரைச் சுற்று,
கண்ணாடிக்கு நேரே நட்டுக்குத்தலாக நின்றுகொண்டது,
கடை சாத்தும்போது முதலில் செருகும் பலகை மாதிரி.

எழுநூறு அடி.
கீழே எண்ணூர்.

எழுநூறு அடிக்கு எழுபது நொடி என்று
கொருக்குப்பேட்டை பட்டறைச் சுவரில்
சாக்பீஸால் நானே கணக்குப் போட்டிருக்கிறேன்.
சுவரில் அது நிறைய நேரமாகத் தெரிந்தது.

மூக்கைத் தாழ்த்து.
உயரம் போகிறதே, இழு இழு என்கிறது கை.
தாழ்த்து.

வலப்பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள்.
இடப்பக்கம் கோபுரம் கோபுரமாக மின்கம்பி.
நேரே சாம்பல் குளம்: தரை போலத் தெரியும், தரை இல்லை.
சாலையில் துறைமுக வாசல்வரை கண்டெய்னர் லாரிகள்;
அங்கே சைக்கிள் நிறுத்தவே இடம் கிடையாது.
மிச்சம் கழிமுகம்.
வற்ற நேரம். சேறு நீளமாக வெளியே கிடந்தது.

பெட்ரோல் குழாயை மூடினேன். சாவியைத் திருப்பினேன்.
கதவுக் கொக்கியை விடுவித்தேன்,
சட்டம் கோணினால் பிறகு திறக்காது.
இனி காற்று மட்டும்.
இறக்கைத் துணியில் ஜமால் மைதீன் போட்ட தையல்
வரிசையாக விசிலடித்தது.
"கல்யாண ஷெர்வானிக்குக்கூட இவ்ளோ நெருக்கி
தெச்சதில்லண்ணே" என்றவர்,
இது பறக்குமா என்று ஒருமுறையும் கேட்டதில்லை.
கூலி மட்டும் முன்பணமாக வாங்கிக்கொண்டார்.

இருபது அடி. பத்து.
அப்போதுதான் ஓடுதண்ணீரில் ஒரு தலை.
பல்லில் ஓலைப்பறியைக் கவ்விக்கொண்டு
இறால் தடவும் பெண்.
வலது காலை அழுத்தினேன், ஒரு சாண்
திரும்பியது, அவ்வளவுதான் திரும்பும்.

சேறு சக்கரத்தைப் பிடித்தது. ஒன்றைப் பிடுங்கிக்கொண்டது.
வால் எழும்பி,
யோசித்து,
உட்கார்ந்தது.

பெல்ட்டை அவிழ்க்க எனக்கு நாலு முயற்சி.
அதற்குள் அவள் வந்துவிட்டாள், முழங்கால்வரை கருஞ்சேறு.
"உள்ள வேற யார்னா கீறாங்களா?"
இல்லை.
"ரெண்டு மணி நேரம் தடவுனது.
வாயத் தொறக்க வெச்சிட்டியே."
பறி எங்கோ மிதந்து போய்க்கொண்டிருந்தது.
பர்ஸ் பட்டறையில். என்னிடம் ஒரு ஸ்பேனரும்
மெழுகு தடவிய நூல்கண்டும்.

டேங்க் மூடியைத் திருகினேன்.
உஸ்ஸ் என்று அது மூச்சை இழுத்தது,
நாளெல்லாம் அடக்கி வைத்திருந்தது போல.
எண்ணெய் இருக்கிறது. இறங்கத்தான் இல்லை.
மூடியின் காற்றுக்குழாயில் விரலை வைத்தேன்,
ஓட்டை இல்லை.

பூங்காவனம் (பெயரை அப்புறம்தான் சொன்னாள்)
கொண்டை ஊசியால் குத்தி எடுத்தாள்:
மண். அதற்குள் மயங்கிய இரண்டு சிலந்தி,
அரிசியில் பாதி அளவு ஒரு முட்டை.
"கொளவி" என்றாள்.
போன வாரம் தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தேன்,
நாலு நாள், காய்ச்சல் என்று.
ஏழு வருடத்தில் நான் வேலை செய்யாத நாலு நாள்.

அந்த மண்ணை எறிய அவளுக்கு மனம் வரவில்லை.
மூக்குப்பொடி டப்பா மூடியில் வைத்துக்கொண்டு
தண்ணீரைப் பார்த்தாள்.
"ஏறுது. நிக்காத. அந்தாண்ட புடி."

இறக்கை முனைக்கு அடியில் தோளைக் கொடுத்தாள்.
நான் இந்த முனையில்.
ம், என்றேன்.
தூக்கிய வேகத்தில் அவள் ஒரு எட்டு தடுமாறி
என்னைத் திரும்பிப் பார்த்தாள்:

"இவ்ளோதானா?"