ஒரு மணி லாரி

ஜிபூத்தியில் பகல் ஒரு மணிக்கு
வெயிலும் காதைத் தீட்டிக்கொள்ளும்.
எல்லை தாண்டி மலையிலிருந்து இறங்கும் லாரி
மூன்று முறை ஹார்ன் அடித்தால்
அரசு அலுவலகங்களில் பேனாக்கள் மூடிக்கொள்ளும்.
ஈரச் சாக்கில் சுற்றிய காத் கட்டுகள்,
இரண்டு நாளில் செத்துவிடும் தளிர்கள்,
கை மாறிக் கை மாறி, தரையைத் தொடாமல்
நாலாம் வட்டார முனையில்
ஹிபோவின் மேசைக்கு வந்து சேரும்.

அவள் மென்றதில்லை ஒருபோதும்.
பூனை வளர்த்தால் மீன் விற்க முடியுமா என்பாள்.

அவள் கடன் நோட்டில்:
நீதிபதி குலேத், இரண்டு கட்டு.
பல் மருத்துவர் (பெயர் போடாதே என்றார்), ஒன்று.
சுங்கத்துறை பூஹ்: கடன் இல்லை, காசும் இல்லை.
ரோப்ளே, தினம் ஒன்று.
அது அவள் புருஷன்.
அந்தப் பக்கத்தை அவள் கூட்டிப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை ஹார்ன் கேட்கவில்லை.
அந்தப் பக்கம் மழை, வெள்ளம்,
பாலம் போய்விட்டது என்றார்கள்.
இரண்டு மணி. மூன்று.
நேற்றைய காம்புகளில் வளர்ந்த தெரு ஆடுகள்
மேசைக்காலை முட்டி முட்டிப் பார்த்தன.
ஆண்கள் ஆனாலும் போய் அமர்ந்தார்கள்
மப்ராஸ் அறையில், திண்டுகளில் சாய்ந்து.
ஃபிளாஸ்க்கில் தேநீர், மூலையில் எச்சில் படிக்கம்,
எல்லாம் தயார்.
நேற்று இதே நேரம் அவர்கள்
கடல்மேல் பாலம் கட்டி ஏமனுக்கு நடந்தார்கள்,
ஒருவர் மகனுக்கு இன்னொருவர் மகளைப் பேசி முடித்தார்கள்,
பழைய கொலைப்பழி ஒன்றை
நூறு ஒட்டகங்களில் தீர்த்தார்கள்.
இன்று ஒருவர் சொன்னார், "சூடு அதிகம்."
வெகுநேரம் கழித்து இன்னொருவர், "ஆமாம்."

இலைக்கும் இல்லைக்கும் நடுவே
என் மொழியில் ஒரே ஒரு மெய்.
அன்று ஊரே அந்த மெய்யை
மெல்லவும் முடியாமல் துப்பவும் தெரியாமல்
கன்னத்தில் அடக்கி வைத்திருந்தது.

புதன்கிழமை வானொலியில் அமைச்சர்
பொறுமை காக்கச் சொன்னார்.
வெள்ளிக்கிழமைகளில் இலையைச் சபிக்கும் அதே வானொலி.
மற்ற நாட்களில் அதற்கும்
இலை வரியில்தான் சம்பளம்.

வீடுகளில் சோறு போதவில்லை.
பசியைத் தின்னும் இலை இல்லாததால்
பசி ஆண்களைத் தின்றது.
பாதிப் பெண்கள் சிரித்தார்கள், இன்னும் ஒரு கரண்டி போட்டார்கள்.
மீதிப் பேர் உள்ளே கத்தல் ஓயும்வரை
குழந்தைகளோடு வாசலில் நின்றார்கள்.

ரோப்ளே என்றால் மழை கொண்டுவந்தவன் என்று பொருள்.
பெயருக்காகவே இரண்டு நாளாகத் திட்டு வாங்கினான்.
மாலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தவனுக்குச்
செருப்பை எங்கே விடுவது என்று தெரியவில்லை.
சின்னவள் ஃபில்சான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.
"நாலாவதுதானே படிக்கிறாய்?"
"ஏழு."
அவன் விரல்விட்டு எண்ணினான்.
இடையில் மூன்று வருடம் எங்கே விழுந்ததென்று
அறையைச் சுற்றிப் பார்த்தான்.

ஹிபோ வாய் திறக்கவில்லை.
இந்த ஏழு வகுப்பின் கட்டணமும் இலைதான்,
சீருடை இலை, மூக்குக்கண்ணாடி இலை,
நீ மென்ற பக்கம் மட்டும்
கூட்டாமல் கிடக்கிறது என்று
அவள் சொல்லவில்லை.

வியாழன் இரவும் அவன் தட்டின் முன் இருந்தான்.
பள்ளியில் காட்டிய எரிமலைப் படத்தைப் பற்றி
ஃபில்சான் சொல்லத் தொடங்கியிருந்தாள்.
அவன் கேட்டான், நிஜமாகவே கேட்டான்,
கையில் கவளம் ஆறிக்கொண்டிருந்தது.
"அடியில் கடல் இருக்குமாம் அப்பா, அப்புறம்..."

மூன்று முறை ஹார்ன்.

முதலில் எழுந்தவை ஆடுகள்.
பிறகு தெரு.
ரோப்ளே எழவில்லை.
கவளத்தைப் பார்த்தான், கதவைப் பார்த்தான்.
தாழ்ப்பாளைத் திறந்தது அவன் இல்லை.
ஒருபோதும் மென்றிராத ஹிபோ
நாக்கில் எச்சில் ஊற
செருப்பில்லாமல் இருட்டில் ஓடிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம்?" என்றான் ரோப்ளே,
கண் கதவில், காது தெருவில்,
கேள்வி மட்டும் மகளிடம்.