தணல் மிகுந்த இரவு

அடுப்பு நிறையத் தணல்.
அறையோ பதினொரு டிகிரி.
எரிந்து முடிந்தும் இடத்தைக் காலிசெய்யாமல்
புதுக் கட்டைக்கு வழிவிட மறுக்கும்
பிர்ச்சின் சிவப்பு.

வெளியே கூசாமோ, மைனஸ் முப்பத்து நான்கு.
வெய்க்கோ வாளியை எடுக்கிறான், அள்ளிக் கொட்ட.
"வை கீழே" என்கிறாள் ஐலி.
கார் விற்ற பணம் பற்றிய பேச்சு
இன்னும் சாப்பாட்டு மேசையிலேயே நிற்கிறது.

கொக்கியால் தணலை
வாய்ப்பக்கம் இழுத்துக் குவிக்கிறாள்.
காற்றுத் துளையை முழுக்கத் திறக்கிறாள்.
மேலே ஒரே ஒரு பைன் விறகு,
மணிக்கட்டுப் பருமன்.

புகைக்குழாய் டிக் என்கிறது.
வெகுநேரம் கழித்து
இன்னொரு டிக்.
குவியல் நரைத்துத் தாழ்ந்து
பதுக்கிய சூட்டை ஒப்படைக்கத் தொடங்குகிறது.

ஒட்டிக் கிடந்த நாய் எழுந்து
ஒரு முழம் தள்ளிப் படுக்கிறது.

அவன் வாளியைக் கவிழ்த்து
அதன்மேல் உட்கார்கிறான்.